லோனில் போன பையன் திரும்பி வருவானா? இரவல் வீரர்களை ரசிகர்கள் விடாமல் பின்தொடர்வது ஏன்?

தங்கள் அணியின் ஆட்டம் முடிந்து வெற்றியோ தோல்வியோ தெரிந்த பிறகும் சில கால்பந்து ரசிகர்கள் போனைக் கீழே வைப்பதில்லை. அடுத்து அவர்கள் தேடுவது, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அணியின் ஸ்கோர். இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன், பெல்ஜியம் லீக், பிரான்ஸ் லீக் என எங்கோ நடக்கும் ஆட்டம் அது. அதில் அவர்கள் பார்ப்பது ஒரே ஒரு பெயரைத்தான். "நம்ம பையன் இன்னைக்கு ஆடினானா?"

அந்தப் 'பையன்', தங்கள் கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே வேறு கிளப்புக்கு 'லோனில்' அனுப்பப்பட்ட இளம் வீரர். அவர் கோல் அடித்தால் கொண்டாட்டம். பெஞ்சில் உட்கார வைத்தால் கோபம். காயம் என்றால் கவலை.

நல்லா ஆடினா திரும்பி வந்து நம்ம டீம்ல ஆடுவான் என்பதுதான் ரசிகர்களின் கணக்கு. ஆனால், இந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. சில நேரம் நன்றாக ஆடியதே அவர் விற்கப்படுவதற்கு வழி செய்துவிடுகிறது. எப்படி? பார்க்கலாம்.

லோன் என்றால் என்ன?

ஒரு வீரரை விற்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேறு கிளப்புக்கு அனுப்புவதுதான் லோன். சுருக்கமாகச் சொன்னால், இரவல். பெரும்பாலும் அரை சீசன் அல்லது ஒரு சீசன். ஒப்பந்தம் தாய் கிளப்பிடமே இருக்கும். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது, ஜனவரியில் திரும்ப அழைக்கலாமா, சீசன் முடிவில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாமா என்பதையெல்லாம் இரண்டு கிளப்புகளும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும்.

இதில் மூன்று தரப்பு இருக்கிறது. மூன்றுக்கும் தேவை வேறு வேறு. தாய் கிளப்புக்கு, தன் வீரர் அனுபவத்தோடு திரும்ப வேண்டும். வாங்கிய கிளப்புக்கு, இந்த சீசனில் புள்ளிகள் வேண்டும். அடுத்த வருஷம் இன்னொருவருக்குப் போகப்போகும் பையனை வளர்த்துவிடுவது அதன் வேலை இல்லை. வீரருக்கோ, ஆடுவதற்கு ஓர் இடம் வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் லோன் வெற்றி. ஒன்று இடறினாலும் ஒரு வருஷம் போச்சு.

19 வயது வீரருக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை.

எதற்காக அனுப்புகிறார்கள்?

பெரிய கிளப்புகளின் அகாடமியில் சிறுவயதிலிருந்தே பயிற்சி பெறும் வீரர்கள், 18 வயது வரை பெரும்பாலும் தங்கள் வயதுக்காரர்களுடன்தான் மோதுகிறார்கள். அங்கே தோற்றால் யாருக்கும் வேலை போகாது. சீனியர் கால்பந்து அப்படியில்லை. எதிரே நிற்கும் 32 வயது டிஃபெண்டருக்கு அந்த ஆட்டம்தான் பிழைப்பு. அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் கிளப்பின் வருமானமே சரியும்.

அந்த அழுத்தத்தை அகாடமியில் உருவாக்க முடியாது. அதனால்தான் வெளியே அனுப்புகிறார்கள். எந்த கிளப்புக்கு யாரை அனுப்புவது, போன இடத்தில் எப்படி இருக்கிறார் என்று கவனிப்பதற்கே பல பெரிய கிளப்புகள் 'லோன் மேனேஜர்' என்று தனியாக ஆள் வைத்திருக்கின்றன.

ரசிகர்களுக்கு இதில் என்ன?

கோடிகளைக் கொட்டி வாங்கும் நட்சத்திரத்தைப் பணமுள்ள எந்த கிளப்பும் வாங்கிவிடலாம். அகாடமியில் வளர்ந்த பையன் அப்படியல்ல. எட்டு, ஒன்பது வயதில் உள்ளே வந்தவர். பல நேரம் அதே ஊர்க்காரர், அதே அணியின் ரசிகர். அவர் முதல் அணிக்கு வந்தால், தங்களில் ஒருவரே களத்தில் இறங்கியதுபோல ரசிகர்கள் உணர்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் அணி சொதப்பும் சீசனில், லோனில் இருக்கும் பையன்தான் ஆறுதல். "அவன் மட்டும் இப்ப இங்க இருந்தா..." என்று பேச ஓர் ஆள் கிடைக்கிறார். அருகில் இல்லாததால் அவருடைய தவறுகள் கண்ணில் படுவதில்லை. முழு ஆட்டம் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு நிமிட வீடியோ பார்ப்பவர்களே அதிகம். அந்த வீடியோவில் கோல் இருக்கும். தவறவிட்ட பாஸ் இருக்காது.

சாலிபா: மூன்று ஆண்டு காத்திருப்பு

இந்த நம்பிக்கை பலித்ததற்கு நல்ல உதாரணம், ஆர்சனல் டிஃபெண்டர் வில்லியம் சாலிபா. 2019-ல் சுமார் 2.7 கோடி பவுண்டு கொடுத்து பிரான்ஸின் செயின்ட் எட்டியென் கிளப்பிடமிருந்து அவரை வாங்கியது ஆர்சனல். அப்போது அவருக்கு வயது 18. வாங்கிய கையோடு அதே கிளப்புக்கு லோனில் திருப்பி அனுப்பியது.

2020-ல் லண்டன் வந்தார். ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் நீஸ் கிளப்புக்கு லோன். அடுத்த சீசனில் மார்செய் கிளப்புக்கு மீண்டும் லோன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வீரர், ஆர்சனல் முதல் அணிக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமல் மூன்று சீசன்களைக் கடந்தார்.

அந்த மூன்றாவது சீசன்தான் திருப்புமுனை. பிரான்ஸ் முதல் டிவிஷனின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். 2022 மார்ச்சில் பிரான்ஸ் தேசிய அணியில் அறிமுகமானார். மார்செய் ஆட்டங்களை லண்டன் ரசிகர்கள் தங்கள் அணியின் ஆட்டம்போலப் பார்த்தார்கள்.

2022 ஆகஸ்ட் 5. கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஆர்சனல் சீருடையில் முதல் போட்டி ஆட்டம். அணி 2-0 என வென்றது. அந்த சீசனிலேயே அவர் பெயரில் மைதானத்தில் பாட்டு ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளும் அவரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பாட்டு அது.

ஹாரி கேன்: கோல் கணக்கு சொல்லாத கதை

சாலிபாவின் முன்னேற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எப்போதும் அப்படித் தெரிவதில்லை. டோட்டன்ஹாம் அகாடமியில் வளர்ந்த ஹாரி கேன், 2011 ஜனவரியில் 17 வயதில் மூன்றாம் டிவிஷனில் இருந்த லெய்ட்டன் ஓரியண்ட் கிளப்புக்கு லோனில் போனார். அங்கே 5 கோல். அடுத்து மில்வால், அங்கே 9 கோல் அடித்து, கீழே இறங்கும் ஆபத்திலிருந்து அணி தப்ப உதவினார்.

அதன் பிறகுதான் சோதனை. நார்விச் சிட்டியில் காயம். ஒரு கோல்கூட இல்லை. 2013-ல் லெஸ்டர் சிட்டியில் 2 கோல் மட்டுமே; பல ஆட்டங்களில் பெஞ்ச். நான்கு லோன் முடிந்தபோது, அந்த எண்களை மட்டும் பார்த்தவர்கள் இவர் பெரிய ஸ்டிரைக்கர் ஆவார் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

2023-ல் அவர் டோட்டன்ஹாமை விட்டுப் போகும்போது கணக்கு 280 கோல். ஜிம்மி கிரீவ்ஸின் 266 கோல் சாதனையைத் தாண்டி, கிளப் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். லோன் காலத்தை அவரும் மறக்கவில்லை. கொரோனா காலத்தில், 2020-ல், லெய்ட்டன் ஓரியண்ட் சீருடைக்கு அவரே ஸ்பான்சர் ஆனார். அந்த இடத்தில் முன்களப் பணியாளர்களுக்கு நன்றியும் தொண்டு அமைப்புகளின் பெயர்களும் இடம்பெற்றன.

செல்சியின் 'லோன் ஆர்மி'

லோன் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செல்சி. 2018-19 சீசனில் சுமார் 40 வீரர்கள் வெளியே இருந்தார்கள். மூன்று முழு அணிகளுக்கும் மேல். இந்தக் கூட்டத்துக்கு ஊடகங்களும் ரசிகர்களும் வைத்த பெயர் 'லோன் ஆர்மி'.

இத்தனை பேரும் முதல் அணிக்கு வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் வாங்கப்பட்டதே, லோனில் அனுப்பி மதிப்பைக் கூட்டி விற்பதற்குத்தான் என்ற விமர்சனம் பலமாக இருந்தது.

ஆனால் 2019-ல் ஒரு திருப்பம். இளம் வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று சொல்லி, புதிய வீரர்களை வாங்க செல்சிக்கு ஃபிஃபா தடை விதித்தது. வெளியே இருந்து வாங்க முடியாது. கையில் இருப்பவர்களை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

அந்த ஆண்டு மே 27-ல் வெம்பிளியில் நடந்த, பிரீமியர் லீக்குக்கு முன்னேறும் அணியைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்ட்டியும் ஆஸ்டன் வில்லாவும் மோதின. டெர்பியில் மேசன் மவுண்ட், ஃபிகாயோ டொமோரி. வில்லாவில் டேமி ஆப்ரஹாம். மூவருமே செல்சியின் லோன் வீரர்கள். வில்லா ஜெயித்தது. சில வாரங்களில் டெர்பி மேனேஜர் ஃபிராங்க் லாம்பார்ட் செல்சியின் மேனேஜராக வர, மூவரும் செல்சி முதல் அணிக்கு வந்தார்கள். விகன் கிளப்பில் லோனில் ஆடிய ரீஸ் ஜேம்ஸும் சேர்ந்துகொண்டார்.

இரண்டே ஆண்டு. 2021 மே 29 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்தியது செல்சி. மவுண்ட் கொடுத்த பாஸில்தான் ஹாவெர்ட்ஸ் கோல் அடித்தார். ஜேம்ஸ் தொடக்கம் முதலே ஆடினார். ஜெர்மனியில் இரண்டு ஆண்டு லோனில் இருந்துவிட்டு வந்த கிறிஸ்டென்சன், மாற்று வீரராக இறங்கித் தடுப்பைக் காத்தார். லோன் வீரர்களின் ஸ்கோரை வாராவாரம் பார்த்த ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய நாள் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தக் கதவு திறந்ததற்கு அவர்கள் லோனில் நன்றாக ஆடியது மட்டும் காரணமில்லை. கிளப்புக்கு வேறு வழி இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

திரும்பி வராதவர்கள்

அதே செல்சியில் இன்னொரு பக்கமும் உண்டு. பிரேசிலின் லூகாஸ் பியாசோன், 2012-ல் இளம் நட்சத்திரமாக வந்தவர். ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, போர்ச்சுகல் என ஆறு நாடுகளில் ஏழு கிளப்புகளுக்கு லோனில் போனார். 2021-ல் நிரந்தரமாக வெளியேறியபோது, செல்சிக்காக அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள்.

குரோஷியாவின் கோல்கீப்பர் மாதே டெலாச் கதை இதைவிட நீளம். சுமார் எட்டு ஆண்டுகள் செல்சி ஒப்பந்தத்தில் இருந்தார். ஒரு கட்டத்தில் அந்த அணியிலேயே நீண்ட காலம் இருப்பவர் அவர்தான். ஆனால் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தக் காலம் முழுக்க நாடு நாடாக லோன்தான்.

ஒவ்வொரு வருஷமும் புது ஊர், புது மேனேஜர், புது மொழி. முதல் லோன் அனுபவம் தரும். ஐந்தாவது லோன் வந்துவிட்டால், தாய் கிளப்பின் திட்டத்தில் அவர் இல்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

சொந்த கிளப்புக்கு எதிராக ஆடலாமா?

ரசிகர்களைத் தர்மசங்கடத்தில் தள்ளும் கேள்வி இது. பதில், போட்டியைப் பொறுத்தது.

பிரீமியர் லீக்கில் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு லோனில் போனவர், தாய் கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. எஃப்.ஏ. கோப்பையில் தாய் கிளப்பின் அனுமதி வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளிலோ கதையே வேற. 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அட்லெட்டிகோ மாட்ரிட்டும் செல்சியும் மோதின. செல்சியின் இளம் கோல்கீப்பர் கூர்த்துவா அப்போது அட்லெட்டிகோவில் லோனில் இருந்தார். அவரை ஆட வைத்தால் பெரும் தொகை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று யூஃபா சொல்லிவிட்டது. கூர்த்துவா ஆடினார். அட்லெட்டிகோ 3-1 என வென்று இறுதிக்குப் போனது. 'நம்ம பையன்' நன்றாக ஆடியதால் 'நம்ம டீம்' வெளியே போனது.

2022-ல் இதற்கு நேர் எதிர். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் கிரிஸ்டல் பேலஸும் செல்சியும் மோதின. பேலஸின் அந்த சீசன் ஹீரோ, செல்சியிலிருந்து லோனில் வந்திருந்த கானர் கேலஹர். செல்சி அனுமதி தரவில்லை. அவர் இல்லாத பேலஸ் 2-0 எனத் தோற்றது. கோல் அடித்தவர்கள் லாஃப்டஸ்-சீக், மவுண்ட். இருவரும் செல்சி அகாடமியில் வளர்ந்து லோனில் போய்த் திரும்பியவர்கள். அதிலும் லாஃப்டஸ்-சீக் முன்பு லோனில் ஆடியது இதே பேலஸ் அணிக்குத்தான்.

நன்றாக ஆடினால் விற்றுவிடுவார்களா?

விற்கலாம். இங்கேதான் ரசிகர்களின் கணக்கும் கிளப்பின் கணக்கும் பிரிகின்றன. கேலஹரையே எடுத்துக்கொள்வோம்.

எட்டு வயதில் செல்சி அகாடமிக்கு வந்தவர். சார்ல்டன், ஸ்வான்சி, வெஸ்ட் பிராம், கிரிஸ்டல் பேலஸ் என நான்கு லோன். பேலஸில் 8 லீக் கோல், கிளப்பின் சீசன் சிறந்த வீரர் விருது, இங்கிலாந்து அணியில் இடம். செல்சிக்குத் திரும்பி, 2023-24 சீசனில் பல ஆட்டங்களில் கேப்டனாகவும் இருந்தார். லோன் முறை எதைச் சாதிக்க வேண்டுமோ, அத்தனையும் நடந்தது. ஆனாலும் 2024 ஆகஸ்ட்டில் சுமார் 3.4 கோடி பவுண்டுக்கு அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார்.

ஏன்? ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஆண்டுதான் மிச்சம். புதிய ஒப்பந்தம் அமையவில்லை. கூடவே, கணக்குப் புத்தகமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

5 கோடி பவுண்டு கொடுத்து ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீரரை வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 1 கோடி செலவாக எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய கணக்கு மதிப்பு 3 கோடி. அப்போது 3.4 கோடிக்கு விற்றால் லாபம் வெறும் 40 லட்சம்தான்.

அகாடமி வீரருக்கு வாங்கிய விலையே கிடையாது. அவரை 3.4 கோடிக்கு விற்றால், மொத்தமும் லாபம். அப்போது அமலில் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி, மூன்று ஆண்டில் ஒரு கிளப் காட்டக்கூடிய அதிகபட்ச இழப்பு 10.5 கோடி பவுண்டு. அந்த வரம்பை நெருங்கும் கிளப்புக்கு, விற்பதற்கு வசதியானவர் அகாடமி பையன்தான்.

அதாவது, ரசிகர்களுக்கு யார் மிக நெருக்கமோ, கணக்காளருக்கும் அவரே மிக லாபகரமானவர். லோனில் அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலும் திரும்பி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. விற்பனை விலையையும் சேர்த்தே கூட்டுகிறது.

ஃபிஃபா என்ன செய்திருக்கிறது?

வீரர்களைக் குவித்து வைத்து லோனில் சுற்றவிடுவதைக் கட்டுப்படுத்த, 2022 ஜூலை 1 முதல் சர்வதேச லோன்களுக்குப் புதிய விதிகள் வந்தன.

● ஒரு கிளப் வெளியே அனுப்பக்கூடிய வீரர்கள் முதல் சீசனில் 8, அடுத்து 7, 2024-25 முதல் 6. உள்ளே எடுப்பதற்கும் இதே வரம்பு.

● ஒரே கிளப்புக்கு அதிகபட்சம் 3 பேரைத்தான் அனுப்பலாம்.

● லோன் காலம் அதிகபட்சம் ஓர் ஆண்டு. லோனில் வந்தவரை மீண்டும் இன்னொரு கிளப்புக்கு லோனில் அனுப்ப முடியாது.

● 21 வயது வரை உள்ள, அந்த கிளப்பிலேயே பயிற்சி பெற்ற வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு பொருந்தாது.

இந்தக் கடைசி விலக்குதான் முக்கியம். சொந்தமாக வளர்த்த பையன்களை அனுப்பலாம். வெளியே வாங்கிக் குவிப்பதுதான் கூடாது என்பதே விதியின் நோக்கம். 40 பேரை வெளியே அனுப்பும் காலம் இனி திரும்புவது கஷ்டம்.

ரசிகர்கள் எதைக் கவனிக்கலாம்?

உங்கள் அணியின் இளம் வீரர் லோனில் இருந்தால், கோல் எண்ணிக்கையோடு நிறுத்திவிட வேண்டாம்.

முதலில், எத்தனை நிமிடம் ஆடுகிறார்? லோனின் நோக்கமே அதுதான். 2019-20 சீசனில் பிரைட்டனின் டிஃபெண்டர் பென் ஒயிட், லீட்ஸ் கிளப்பில் லோனில் 46 லீக் ஆட்டங்களிலும் ஆடினார். லீட்ஸ் பிரீமியர் லீக்குக்கு முன்னேறியது. பிரைட்டனுக்குத் திரும்பி ஒரே சீசன் ஆடியதும், 2021-ல் 5 கோடி பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்கப்பட்டார்.

இரண்டாவது, எந்த இடத்தில் ஆடுகிறார்? மிட்ஃபீல்டரை விங்கில் ஆடவைத்தால் நிமிடங்கள் கூடும். தாய் கிளப்புக்குப் பயன் குறையும்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? 2025 செப்டம்பரில் லிவர்பூலின் ஹார்வி எலியட், ஆஸ்டன் வில்லாவுக்கு லோனில் போனார். 10 ஆட்டம் ஆடினால் வில்லா அவரைக் கட்டாயம் விலைக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதாகச் செய்திகள் வந்தன. தொடக்கத்தில் சில ஆட்டங்கள் ஆடியவர், பிறகு வாரக்கணக்கில் களத்துக்கே வரவில்லை. வீரரைக் காக்க எழுதப்படும் வரியே சில நேரம் அவரை உட்கார வைத்துவிடும்.

நான்காவது, தாய் கிளப்புடன் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் மிச்சம்? லோனுக்கு அனுப்பும் முன் புதிய ஒப்பந்தம் போட்டால், கிளப்புக்கு அவர் மேல் நம்பிக்கை இருக்கிறது. குறைந்தபட்சம் விலையைக் காப்பாற்ற நினைக்கிறது. ஒரே ஆண்டு மிச்சம் என்றால், விற்பனைப் பேச்சு தொடங்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, அவர் ஆடும் இடத்துக்கு உங்கள் கிளப் வேறு யாரையாவது வாங்குகிறதா? எத்தனையோ லோன் வீரர்களின் தலைவிதியை முடிவு செய்தது அவர்களின் ஆட்டமல்ல. கோடையில் வந்திறங்கிய இன்னொரு வீரர்தான்.

இத்தனையும் தெரிந்தாலும் ரசிகர்கள் அந்த ஸ்கோரைத் தேடுவதை நிறுத்தப்போவதில்லை. ஜனவரி டிரான்ஸ்பர் விண்டோ திறக்கும்போது முதலில் எழும் கேள்வி, யாரை வாங்குகிறார்கள் என்பது மட்டுமல்ல. லோனில் இருக்கும் பையனைத் திரும்பக் கூப்பிடுகிறார்களா என்பதும்தான்.